செவலையின் தெள்ளுப்பூச்சி

சர்ர்ர்... சர்ர்ர்...

இருட்டிய பிறகு காட்டில் அந்தச் சத்தம் கேட்டது. புளியமரத்தில் குட்டியை அணைத்துக்கொண்டிருந்த மந்தி காதைக் கூர்மையாக்கினாள். பாம்பா? பன்றியா? எட்டிப் பார்த்தாள். கீழே ஒரு நாய் பின்புறத்தைத் தரையில் தேய்த்தபடி நகர்ந்துகொண்டிருந்தது!

அது செவலை. வேட்டைக்காரர்கள் குடிசையைக் காலி செய்தபோது விட்டுவிட்டுப் போன நாய். காட்டில் அதோடு யாரும் சேரவில்லை, மந்தியின் குட்டி சிட்டானைத் தவிர. சிட்டான் தினமும் அதற்குத் தெள்ளுப்பூச்சி பார்ப்பான். பிடித்த பூச்சியைக் கீழே போடக்கூடாது, வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். குரங்குகளுக்கு அதுதான் மரியாதை.

"மாமா உடம்புல இன்னிக்கு நல்ல விளைச்சல்!" என்பான். செவலை கண்ணை மூடிக்கொள்ளும். வேறு யாரும் அதைத் தொட்டதே இல்லை.

விடிந்ததும் மந்தி இறங்கி வந்தாள். செவலையின் வாலடியில் அரிசி போல வெள்ளையாக ஏதோ ஒட்டி நெளிந்தது. சிட்டான் கொஞ்ச நாளாக வயிறு உப்பி, தின்றது ஒட்டாமல் இளைத்துக் கிடந்தான். அவன் மலத்திலும் இதையேதான் பார்த்திருந்தாள்.

"அண்ணே, உங்க வயித்துல புழு! தெள்ளுப்பூச்சி வழியா என் பிள்ளைக்கும் வந்திருக்கு!"

"ஐயோ தாயி! நான் அவனைக் கடிச்சதுகூட இல்லையே!"

"உங்க மேல தப்பில்லை. மரியாதைன்னு நாங்கதான் வாயில போட்டோம்." மந்தி வயிற்றுப் புழுவைக் கொல்லும் கசப்பு மரப்பட்டை ஒன்றை இரண்டாகப் பிய்த்தாள். "இது அவனுக்கு, இது உங்களுக்கு. சின்னப் பிள்ளை, சொன்னாலும் மறந்து வாயில போட்டுக்குவான். மறுபடி பூச்சி தின்னான்னா பிழைக்க மாட்டான், அண்ணே. அதனால..."

ஒரு துண்டைச் செவலையின் முன்னே வைத்தாள்.

"நான் கிட்ட வரக்கூடாது. அவ்வளவுதானே?" என்றது செவலை.

பட்டையைக் கவ்விக்கொண்டு காலிக் குடிசைக்குள் போயிற்று. வயிற்றுக்குள்ளிருந்து புழு சிரித்தது.

"அட மக்கு! அதைத் தின்னா நான் போயிடுவேன். அப்புறம் உன்கூடப் பேச யார் இருக்கா?"

"யாரும் இல்லை" என்று சொல்லிவிட்டு, செவலை பட்டையை மென்று விழுங்கியது.

"அதோ, வர்றான் பாரு! கதவு திறந்துதானே கிடக்கு?" என்று உச்சிவெயில் நேரத்தில் புழு மறுபடி பேசியது.

வாசலில் மெலிந்த குரல் கேட்டது. "மாமா! அம்மா தூங்குறாங்க. சீக்கிரம் முதுகைக் காட்டுங்க!"

செவலையின் வால் தானாக ஆடியது. எழுந்து கதவுவரை போயிற்று.

"போடா, எலும்புக் குரங்கே! உன் நகம் பட்டாலே எனக்கு எரிச்சல்!"

"பொய்! நேத்துகூடத் தூங்கிட்டீங்களே, மாமா..."

செவலை திரும்பிக்கொண்டது. முதுகால் கதவைத் தள்ளிச் சாத்தி, பல்லால் தாழ்ப்பாளை இழுத்து உள்ளேயிருந்து போட்டது.

தன்னால் பிறருக்கு நோய் வராமல் இருக்கத் தனிமையைத் தாங்கிக்கொள்வதும் அன்புதான்.