மருத்துவச்சியின் கைக்குப் பூட்டிய பொன்

மீன்கள் கரையேறி வந்து, "இன்றைக்கு வலை போடாதே, எங்கள் வீட்டில் கல்யாணம்" என்று சொல்லிவிட்டுப் போன காலம் அது. அப்போது வெள்ளூற்று நாட்டைப் பொன்மாரி என்றொரு ராஜா ஆண்டார். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. எதிரே நின்றவன் அழகாகத் தும்மினால்கூட ஒரு மோதிரத்தைத் தூக்கிக் கொடுத்துவிடுவார் என்பதால் ஜனங்கள் வைத்த பெயர் இது.

அந்த நாட்டில் ஒரு வழக்கம் இருந்தது. ராஜா தம் கையால் ஒருவருக்குப் பொன் பூட்டினால் அன்றுமுதல் அவர் அரண்மனை ஊழியர். கோட்டை வாசலைத் தாண்டக் கூடாது. ராஜாவே தம் கையால் அதைக் கழற்றினால் ஊழியம் முடிந்தது, வீட்டுக்குப் போகலாம். பொன்னை வேண்டாமென்று மறுத்தால் மறுத்தவரின் ஊரையே நாட்டைவிட்டு விரட்டிவிடுவார்கள். ஆனால் அதுவரை யாரும் மறுத்ததில்லை. பொன்னை யாரப்பா வேண்டாமென்பான்?

கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் கழித்து ராணிக்கு மாசம் நிறைந்திருந்தது. மந்திரி கூத்தரசர் மலைக்கு ஆள் அனுப்பிக் காத்தாயியை அழைத்துவந்தார். மலைமேல் ஏழு சிற்றூர்களுக்கும் அவள் ஒருத்திதான் மருத்துவச்சி. ராணியின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். "தலை திரும்பிடுச்சு தாயி. எட்டு நாளில் பிள்ளை உங்க மடியில" என்றாள். பயத்தில் சோறு இறங்காமல் கிடந்த ராணி அன்று இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

ராஜாவுக்கு மனம் உருகிவிட்டது. இனி நீ அரண்மனையிலேயே இரு, நாளைக் காலை பொன் பூட்டுகிறேன் என்றார். காத்தாயி கையைப் பிசைந்தாள். பிரசவம் ஆனதும் தன்னை அனுப்பிவிட வேண்டும், மேலே நாலு பெண்களுக்கு மாசம் நெருங்குகிறது என்றாள்.

பொக்கிஷ அதிகாரி தனக்கோட்டியாருக்கு மந்திரி எதைச் செய்தாலும் வயிறு எரியும். "மந்திரியார் பிடித்துவந்த ஆள் பேரம் பேசுகிறாள் மகாராஜா. பொன்னை இரட்டிப்பாக்குங்கள், மலை எந்தத் திசையில் இருக்கிறது என்பதே மறந்துபோகும்" என்றார்.

"இரட்டிப்பாகவே பூட்டுவோம்" என்றார் ராஜா. "மறுத்தால் வழக்கம் தெரியுமல்லவா? ஏழு ஊரும் காலி."

மறுத்தால் ஊர் போகும், வாங்கினால் ஊருக்குப் போக முடியாது. அன்று மாலை கிணற்றடியில் கூத்தரசரும் காத்தாயியும் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். என்ன பேசினார்கள் என்பது எனக்குத் தெரியும். இப்போது சொன்னால் கதை கெட்டுவிடும்.

மறுநாள் சபையில் காத்தாயி இரண்டு கையையும் நீட்டினாள். கழுத்துக்கு வேண்டாம், எல்லாவற்றையும் கைக்கே போடுங்கள் என்றாள். விரலுக்கு இரண்டு மோதிரம், மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை வளையல். தனக்கோட்டியார் மீசையைத் தடவிக்கொண்டு மந்திரியைப் பார்த்துச் சிரித்தார்.

எட்டாம் நாள் உச்சிப்பொழுதில் ராணிக்கு வலி கண்டது. ராஜா தலைப்பாகை இல்லாமல் ஓடிவந்தார். காத்தாயியோ அறைவாசலில் உட்கார்ந்திருந்தாள்.

"உள்ளே போகாமல் இங்கே என்ன செய்கிறாய்?"

"இந்தக் கையோட எப்படிச் சாமி போவேன்? நகத்தையே ஒட்ட வெட்டிட்டுப் போற வேலை இது. மோதிரக் கல்லு பட்டா பிஞ்சுத் தலை கிழிஞ்சுடும்."

"கழற்றி எறி."

"நான் கழற்றக் கூடாதே."

உள்ளேயிருந்து ராணியின் அலறல் கேட்டது. கழற்றினால் இவள் போய்விடுவாள் என்று தனக்கோட்டியார் சொல்லி முடிப்பதற்குள் ராஜா தரையில் உட்கார்ந்து, அவள் கையைத் தம் மடிமேல் இழுத்து வைத்துக்கொண்டார். இத்தனை நாளில் மோதிரங்கள் இறுகிப்போயிருந்தன. மந்திரி எண்ணெய்க் கிண்ணத்தை நீட்டினார். ராஜா எண்ணெயைத் தடவி ஒவ்வொன்றாக உருவினார். அப்போதுதான் அந்தக் கையைப் பார்த்தார். வெந்நீரில் வெளுத்து வெடித்த கை.

"இந்தக் கை எத்தனை பிள்ளைகளைப் பிடித்திருக்கிறது?"

"பிழைச்சதை எண்ணலை சாமி. அதுங்கதான் எதிர்ல வந்து நிக்குதே. பிழைக்காத ஒன்பதை மட்டும் எண்ணி வச்சிருக்கேன். அது பத்தாகக் கூடாதுன்னுதான் ஓடிக்கிட்டிருக்கேன்."

ராஜா இன்னும் வேகமாக உருவினார். கடைசி வளையலை உருவியதும் அந்த உள்ளங்கைகளைத் தம் அங்கவஸ்திரத்தாலேயே துடைத்துவிட்டார். அவள் எழுந்து உள்ளே போனாள்.

இப்போது கிணற்றடி ரகசியத்தைச் சொல்கிறேன். முதல் வலி கண்ட பிறகு ஒரு பானைச் சோறு பொங்கிச் சாப்பிட்டுக் கை கழுவ நேரமிருக்கும் என்று காத்தாயி கணித்துவைத்திருந்தாள். மந்திரியின் யோசனையில் ராணியும் கூட்டு. வலித்ததற்குமேல் நாலு அலறல் அந்த அம்மாள் கணக்கில் உபரி.

பொழுது சாயும்போது பெண்குழந்தை பிறந்தது. மகிழ்ச்சியில் ராஜாவின் கை பழக்கதோஷத்தில் கழுத்துமாலைக்குப் போய், பாதியிலேயே நின்றது. உனக்கு என்ன வேண்டும், நீயே சொல் என்று காத்தாயியிடம் கேட்டார்.

"வழியை விடச் சொல்லுங்க சாமி. மேலே ஒருத்திக்கு நேரமாச்சு."

பல்லக்கில் அனுப்பிவைத்தார்கள். கழற்றிய பொன் அத்தனையும் கீழே கிடந்தது. ராஜா அதை அள்ளித் தனக்கோட்டியாரின் இரண்டு கைகளிலும் பூட்டினார். மூன்றாம் நாள் அவர் கெஞ்சிக்கொண்டு வந்தார். கை வாய்க்கு எட்டவில்லை, வீட்டுக்காரிதான் சோறு ஊட்டுகிறாள், கோட்டைத் தெருவே சிரிக்கிறது என்றார்.

"கழற்றிவிடலாம்" என்றார் ராஜா. "ஆனால் வழக்கப்படி உம்முடைய உத்தியோகம் போய்விடுமே?"

ஒரு மண்டலம் ஊட்டிவிட்ட சோறு தின்றார் தனக்கோட்டியார். பிறகு ராஜாவே அந்த வழக்கத்தை ஒழித்து அவர் கையை விடுவித்தார்.

ஐப்பசியில் ராஜா மலைப்பக்கம் வேட்டைக்குப் போனார். ஒற்றையடிப் பாதை, நல்ல மழை. எதிரே காத்தாயி ஓட்டமும் நடையுமாக வந்தாள். முரசுக்காரன் அவளை ஒதுங்கச் சொல்ல வாயெடுத்தான். அதற்குள் ராஜா யானையிலிருந்து இறங்கி, முழங்கால் சேற்றில் ஒதுங்கி நின்று, "எந்த வீடு?" என்று கேட்டார்.

"மேலூர் சாமி. தலைப்பிரசவம்" என்று சொல்லிக்கொண்டே அவள் கடந்து போனாள்.

ராஜா யானை ஏறவில்லை. தாயும் பிள்ளையும் சுகம் என்று மேலேயிருந்து குரல் வரும்வரை அந்த மழையிலேயே நின்றுகொண்டிருந்தார். வேட்டைக்கு வந்ததையே மறந்துவிட்டாராம்.