தணிகாசலத்தின் டிக்கி

"சாமி, என் கார் டிக்கி தானாத் திறந்துக்குது."

தணிகாசலம் வந்து உட்கார்ந்ததும் சொன்ன முதல் வார்த்தை இதுதான். நலம் விசாரித்துவிட்டு விஷயத்துக்கு வரலாம் என்கிற பொறுமைகூட அன்று அவரிடம் இல்லை.

சாமி வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். தணிகாசலத்தைவிட இருபது வயதாவது இளையவர். பச்சைமலை அடிவாரத்தில் ஓடு வேய்ந்த ஒரு சின்ன மடம், ஒரு நாய், வாசலில் ஒரு புளியமரம். அவருடைய சொத்து அவ்வளவுதான். மனசு சரியில்லாதபோதெல்லாம் தணிகாசலம் திருச்சியிலிருந்து காரை எடுத்துக்கொண்டு இங்கே வந்துவிடுவார்.

"மெக்கானிக்கிட்ட காட்டுனீங்களா?"

"பூட்டையே மாத்தியாச்சு சாமி. அப்புறமும் திறந்துச்சு. வயர்ல கோளாறுன்னு அதையும் பிடுங்கிப் போட்டாங்க. அப்புறமும் திறந்துச்சு. போன வாரம் நானே கயித்தைப் போட்டு இறுக்கிக் கட்டினேன்."

"ம்."

"கடைக்குள்ள போயிட்டு வர்றதுக்குள்ள கயிறு கழண்டு கிடக்குது. அறுந்து போகல சாமி. அழகாச் சுருட்டி ஓரமா வச்சிருக்கு."



பூட்டு விஷயத்தில் தணிகாசலம் சாமானியப்பட்டவர் அல்ல. பூட்டின பூட்டைப் பிடித்துத் தொங்கிப் பார்க்காமல் தெருமுனையைத் தாண்ட மாட்டார். பாதி வழியில் திரும்பி வந்து இன்னொரு தரம் தொங்குவதும் உண்டு. அப்பேர்ப்பட்டவருடைய காரிலேயே இப்படி நடந்தால் மனுஷன் என்ன ஆவார்?

"டிக்கில என்ன வச்சிருக்கீங்க?"

"ஸ்டெப்னி. ஜாக்கி. ஒரு குடை."

சாமி ஒரு கடலையை நாய்க்குப் போட்டார்.

"அப்புறம்?"

தணிகாசலம் புளியமரத்தடியில் நின்ற காரைத் திரும்பிப் பார்த்தார். டிக்கி மூடித்தான் இருந்தது.

"ஒரு கலயம்."

"யாரு?"

"வேதவல்லி."

சாமியின் கை நின்றது. வேதவல்லி, தணிகாசலத்தின் மனைவி. அவள் போனது ஆடி மாதத்தில். இப்போது தை பிறந்துவிட்டது.

"இன்னுமா அஸ்தியைக் கரைக்கல?"

"போனேன் சாமி. ஆத்துப் படிக்கட்டு வரைக்கும் போயிட்டேன். கலயத்துல கட்டின துணியை அவுக்கக் கை வரல. திரும்ப எடுத்துட்டு வந்துட்டேன். அதை வீட்டு வாசப்படிக்குள்ள கொண்டுபோகக் கூடாதுல்ல? தோட்டம் தொரவு இருந்தா மரத்துல கட்டித் தொங்கவிடலாம். அடுக்குமாடில மரத்துக்கு எங்க போறது? அதான் டிக்கில வச்சேன்."

"உங்க பொண்ணுக்குத் தெரியுமா?"

"கரைச்சாச்சுன்னு சொல்லிட்டேன்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு தொடர்ந்தார்.

"வண்டி ஓட்டறப்ப அவ பின்னால இருக்கான்னு ஒரு தைரியம் சாமி. அதுவும் போயிட்டா எனக்குன்னு யாரு இருக்கா? எங்கயாவது மேடு பள்ளத்துல திறந்து, கலயம் விழுந்து உடைஞ்சிருச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்? ஒரு வழி சொல்லுங்க. இனி அந்த டிக்கி திறக்கவே கூடாது."

டக்.

சத்தம் புளியமரத்தடியிலிருந்து வந்தது.

உச்சி வெயில். ஓர் இலைகூட அசையவில்லை.

நாய் எழுந்தது. குரைக்கவில்லை. வாலை ஆட்டிக்கொண்டே காரை நோக்கிப் போனது. பாதி வழியில் நின்று, தலையைத் தூக்கி யாரையோ பார்த்தது. பிறகு அந்த யாருடனோ சேர்ந்து நடப்பதுபோல் மெதுவாகத் திரும்பி வந்து, தணிகாசலத்தின் பக்கத்தில் கொஞ்சம் இடம் விட்டுப் படுத்துக்கொண்டது.

தணிகாசலத்துக்கு அந்த இடத்தைப் பார்க்கவும் பயமாக இருந்தது, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

சாமி ஒன்றுமே நடக்காததுபோல் கேட்டார்.

"உங்க ரெண்டு பேருக்கும் சண்டை வருமா?"

"எங்களுக்குள்ளயா? ஒண்ணே ஒண்ணுக்குத்தான் வரும். ஜன்னல்." அந்த நிலைமையிலும் அவருக்குச் சிரிப்பு வந்தது. "மூடின ரூம்ல அவளுக்கு மூச்சு முட்டும். கொஞ்சம் திறந்து வைங்களேன்னு கெஞ்சுவா. கொசு வரும்னு நான் சாத்திடுவேன். நான் அசந்ததும் எழுந்து போய்த் திறந்து வச்சிருவா. சாரல் அடிச்சா மட்டும் அவளே சாத்துவா."

அவர் சிரிப்பு நின்றது.

"ஆஸ்பத்திரியிலயும் கடைசியா அதைத்தான் கேட்டா சாமி. அங்க திறக்கிற ஜன்னலே இல்ல."

"ஐப்பசி மழையில டிக்கி திறந்துச்சா?"

தணிகாசலம் விரல் விட்டு நாட்களை எண்ணிப் பார்த்தார்.

அந்த மழை விட்டுவிட்டு அந்த மாதம் பூராவும் பெய்தது. டிக்கி ஒரு நாள்கூடத் திறக்கவில்லை. கலயத்தின் மேல் ஒரு சொட்டு விழவில்லை. பூட்டு சரியாகிவிட்டது என்று அவர் பிள்ளையாருக்குத் தேங்காய்கூட உடைத்தார். வெயில் வந்த அன்றே அது மறுபடி திறந்துகொண்டது.

"திறந்தா எவ்வளவு திறக்கும்?"

"கொஞ்சம்தான்."

"கையால காட்டுங்க."

தணிகாசலம் வலது கையைத் தூக்கி விரல்களை விரித்தார். கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனி வரை. ஒரு சாண்.

கை அப்படியே அந்தரத்தில் நின்றது.

வருஷக்கணக்காகக் காலையில் கண் விழித்ததும் அவர் முணுமுணுத்துக்கொண்டே எழுந்து போய்ச் சாத்திய இடைவெளி அது.

சாமி மறுபடி கடலை உரிக்க ஆரம்பித்தார்.

தணிகாசலம் எழுந்தார். செருப்பைத் தேடவில்லை. நேரே புளியமரத்தடிக்குப் போய், ஒரு சாண் திறந்திருந்த டிக்கியை முழுக்கத் தூக்கினார். கலயத்தை இரண்டு கையாலும் எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். அழுகை வந்தது. அழுதார். பிறகு அதை முன்சீட்டில், அவள் எப்போதும் உட்காரும் இடத்தில் வைத்துக் கதவைச் சாத்தினார்.

டிக்கியைத் தாழ்த்தினார். தொட்டதும் மூடிக்கொண்டது. அவர் தொங்கிப் பார்க்கவில்லை.

சுற்றி வந்து தன் இடத்தில் உட்கார்ந்தார்.

கலயத்துக்குப் பக்கத்தில், கண்ணாடி ஒரு சாண் இறங்கியிருந்தது.

அவர் இன்னும் சாவியே போடவில்லை.

சாவியைப் போட்டு வண்டியைக் கிளப்பினார். விரல் பழக்கதோஷத்தில் கண்ணாடியை ஏற்றும் பொத்தானுக்குப் போனது. அங்கேயே நின்றது. பிறகு கீழே அழுத்தியது. கண்ணாடி முழுக்க இறங்கிவிட்டது.

சாமி நாயோடு மரத்தடிக்கு வந்து நின்றார்.

"காவிரிக்கரையில கொசு ஜாஸ்தி, ஐயா."

"கடிக்கட்டும் சாமி" என்றார் தணிகாசலம்.