திருப்பிப் பாடிய அன்னம்

அந்தக் காலத்தில், அன்னமும் காற்றும் மனுஷரோடு வாயாடிக்கொண்டிருந்தபோது, வடக்கே பின்லாந்து என்கிற பனிநாட்டில், ஓர் ஏரிக்கரையில் லெம்பி என்ற பெண் தனியாக இருந்தாள். அவள் புருஷன் ஓஸ்மோ உறைந்த ஏரிமேல் மீன் பிடிக்கப் போன இடத்தில், காலடிப் பனிக்கட்டி உடைந்து ஏரிக்குள்ளேயே போய்விட்டான். அவளுக்கென்று அவன் கட்டிய பாட்டு ஒன்றுதான் மிச்சம்.

அது வேறு யார் வாயிலும் விழக்கூடாதென்று, கதவைச் சாத்திக்கொண்டு ஒற்றையாகப் பாடுவாள். வாடைக்காற்று கதவிடுக்கில் காத்திருக்கும். ஒரு வரி முடிந்ததும் லபக்கென்று வாரிக்கொண்டு போய்விடும். பிறகு எத்தனை யோசித்தாலும் அந்த வரி அவளுக்கு நினைவு வராது.

"ஏன் இப்படிப் பண்ணுற, பாவி?"

"பதில் வராத பாட்டு எனக்குச் சேர்ந்தது" என்றது காற்று.

கடைசியில் ஒரே வரி மிஞ்சியது. ஓஸ்மோவின் பேர் உள்ள வரி. அதுவும் போனால் அவனைக் கூப்பிடக்கூட வழியில்லையே என்று பயந்து, பாடுவதையே விட்டாள். பாடாமல் இருக்க இருக்க அந்த வரியும் மங்கிக்கொண்டே வந்தது. "கடவுளே, நான் என்ன செய்வேன்" என்று கரையில் மண்டியிட்டு அழுதாள்.

சிறகு ஒடிந்ததால் கூட்டம் விட்டுப்போன அன்னம் ஒன்று அங்கே கிடந்தது. "அக்கா, அந்த வரியைப் பாடு. நான் திருப்பிப் பாடுறேன்."

"நீயா? உன் குரல் எண்ணெய் காணாத கதவு மாதிரி இருக்கு."

"இருக்கட்டுமே. காற்று பயந்து ஓடும்ல?"

"உனக்குக் கொடுத்தா அது உன்னுதாயிடுமே!"

"பூட்டி வச்சதெல்லாம் உன்கிட்டயா இருக்கு?"

லெம்பி அதன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அன்னத்தின் நல்ல சிறகைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிப் பாடினாள். காற்று பாய்ந்து வந்தது. அதற்குள் அன்னம் அதே வரியைக் கரகரவென்று திருப்பிப் பாடியது. காற்று வெறுங்கையோடு போயிற்று.

போன வரிகள் திரும்பவே இல்லை. பனி கரைந்ததும், சிறகு ஆறிய அன்னமும் பறந்துவிட்டது. இனி அந்த வரியைத் திருப்பிப் பாட வேறு ஆள் வேண்டுமே என்று லெம்பி நினைத்தாள். பிறகு படகை எடுத்துக்கொண்டு அக்கரைக்குப் போய், ஐலா என்பவளின் கதவைத் தட்டினாள்.

"உன் கையைக் கொடு, தாயே. ஒரு வரி பாடணும்."

அன்று முதல்தான் அந்த நாட்டில் பழங்கதை பாடுகிறவர்கள் கைகோத்து உட்கார்ந்து, ஒருவர் பாடிய வரியை மற்றவர் திருப்பிப் பாடுகிறார்கள். பெரிய மண்டபத்தில் வாத்தியக் குழுவும் பாடகர்களும் அந்தக் கதைகளை இசைக்கும்போதும், தனியே அழும் ஒரு குழலுக்கு மற்றவை எல்லாம் பதில் சொல்லிவிட்டுத்தான் ஓய்கின்றன.