முத்துப்பேச்சியின் திருகு

"திருகு தளர்ந்துடுச்சு மேடம். அவ சொன்னபடி கேக்கல."

சொன்னவர் ஸ்தனிஸ்லாஸ். பல ஊர்களில் வைத்தியம் பார்த்துவிட்டுப் பிந்தி மேற்படிப்புக்கு வந்தவர். எலும்பு சிகிச்சைப் பேராசிரியை உமையாள் அவரைவிட வயதில் சின்னவர்.

முத்துப்பேச்சி இஸ்திரி வண்டிக்காரி. ஷேர் ஆட்டோ கவிழ்ந்து, முதுகெலும்பின் அடியும் இடுப்பெலும்பும் சேரும் மூட்டு விலகிவிட்டது. ஸ்தனிஸ்லாஸ் நீளமான திருகு ஒன்றைப் போட்டு இறுக்கியிருந்தார். நாளைக்கு மறுபடி ஆபரேஷன். அதில் போடும் திருகும் தளர்ந்தால், இன்னொன்று பிடிக்க எலும்பில் இடமிருக்காது.

"என்ன செஞ்சாளாம்?"

"சும்மா நின்னு துணி தேய்ச்சேன்ங்கிறா. நிக்கலாம்னு நான்தான் சொல்லி அனுப்பினேன். நின்னதுக்கா திருகு தளரும்? எதையோ மறைக்கிறா."

"நாளைக்கு என்ன போடப் போறீங்க?"

"அதே ஒண்ணுதான். சோதனை மிஷின்ல அழுத்திப் பாத்தேன், ஒரு திருகுக்கே மூட்டு அசையாம நிக்குது."

"காட்டுங்க."

சோதனை அறையில் தொடையெலும்புகளோடு கூடிய பிளாஸ்டிக் இடுப்பெலும்பு ஒன்று இருந்தது. அதன் இரண்டு தொடைகளையும் கீழே இரண்டு பிடிகள் தாங்கின. இயந்திரம் மேலிருந்து அழுத்தியது. திருகு போட்ட மூட்டு அசையவில்லை.

"பாத்தீங்களா?"

"பொம்மையாவது நீங்க சொன்னபடி கேக்குதே. இன்னொரு தடவை."

அழுத்தினார்.

"இன்னொரு தடவை."

அறையில் இருந்த ஒரே ஸ்டூலில் உமையாள் உட்கார்ந்திருந்தார். வெயில் இறங்கிவிட்டது. இயந்திரம் இறங்கி இறங்கி ஏறியது.

"போதுமா மேடம்? காலையிலேர்ந்து வார்டுல நின்னவன் நான்."

"எந்தக் கால்ல நிக்கிறீங்க?"

ஸ்தனிஸ்லாஸ் குனிந்து பார்த்தார். உடம்பு முழுக்க வலது காலில் இருந்தது. இடது முழங்கால் மடங்கி, குதிகால் தரையைவிட்டு எழும்பியிருந்தது.

"கால் கடுக்குது மேடம். மாத்தி மாத்தி நிக்கிறேன்."

"அவளுக்குக் கடுக்காதா?"

அவர் நிமிர்ந்தார். பொம்மை இரண்டு காலிலும் சமமாக நின்றுகொண்டிருந்தது.

அதன் இடது பிடியைக் கழற்றினார். மறுபடி அழுத்தினார்.

மூட்டு மெல்ல வாய் பிளந்தது.