முன்வரிசை ரசிகர்

அந்தக் காலத்தில், உயிர்கள் எல்லாம் ஒன்றோடொன்று வாயாடிக்கொண்டிருந்தபோது, மலையடிவாரத்தில் பண்ணூர் என்றொரு ஊர் இருந்தது. கச்சேரி கேட்பதற்கென்றே எட்டுத் திக்கிலிருந்தும் அங்கே கூட்டம் வரும். வந்தவர்களுக்கு ஊரைச் சுற்றிக் காட்டுவது அணில் அங்குசாமி.

"இது குயிலம்மா பாடுற மாந்தோப்பு. அதோ, மரங்கொத்தியார் தவில் வாசிக்கிற பனைமரம். பார்த்து வாங்க, முள்ளு இருக்கு!" என்று கத்திக்கொண்டே போகும். பொழுது சாயும்போது எல்லோரையும் பாறை மண்டபத்தில் கொண்டுவந்து உட்காரவைக்கும். அங்கே பாடுவது சில்வண்டு சிங்காரம்.

பண்ணூரில் ஒரு வழக்கம். யார் நன்றாகத் தலையாட்டி ரசிக்கிறாரோ, அவருக்கு மறுநாள் இன்னும் முன்னால் இடம். பாடுகிறவருக்கும் ஒரு கட்டுப்பாடு உண்டு. எடுத்த பாட்டைப் பாதியில் நிறுத்தினால் மண்டபம் பறிபோகும். சிங்காரத்துக்கு அந்த மண்டபம்தான் வீடு, அதுதான் பிழைப்பு.

மண்டபத்துக்குப் புதிதாக வந்த ஓணான் ஒன்று பின்வரிசையில்தான் உட்கார்ந்தது. ஆனால் அது தலையை ஆட்டிய ஆட்டத்தில் நாளுக்கு நாள் முன்னேறிக்கொண்டே வந்தது. சிங்காரத்துக்கு அது பிடிக்கவில்லை. மூங்கில் தோப்பில் பாடிக்கொண்டிருந்த தம்பி மாரப்பனைச் சில நாளாகக் காணவில்லை. காணாமல் போன அன்று அங்கே முன்வரிசையில் இருந்தது இதே ஓணான்.

"அங்குசாமி, அந்த ஆளை எம்முன்னால உட்காரவைக்காதே. எனக்குச் சரியாப் படல."

"என்னண்ணே நீங்க! ஊரு தேடி வந்தவரைச் சந்தேகப்படலாமா? மாரப்பன் வெளியூர்க் கச்சேரிக்குப் போயிருப்பான்."

"எங்கிட்டச் சொல்லாமலா?"

"இவரு தலையாட்டுறதைப் பாருங்க, என்னா ஞானம்! உங்க பாட்டுன்னா உசுராம்."

அதைக் கேட்டதும் சிங்காரத்துக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பாடகர்களிடம் இதுதான் தொல்லை. "சரி, உட்காரட்டும்" என்றது.

அன்று மாலை ஓணான் முன்வரிசையில், கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. சிங்காரம் பாடிக்கொண்டே ஓரக்கண்ணால் கவனித்தது. முயலின் தலை தாளத்தோடு ஆடியது. ஆமையின் தலைகூட மெதுவாக, ஆனால் சரியாக ஆடியது. ஓணானின் தலையோ வேகமான இடத்திலும் ஒரே ஆட்டம், நிதானமான இடத்திலும் அதே ஆட்டம். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் உடம்பு கொஞ்சம் முன்னால் நகர்ந்தது.

 நிறுத்தினால் வீடு போகும். வந்த விருந்தாளியை அவமதித்த பழியும் சேரும். நிறுத்தாவிட்டால்? தம்பியின் முகம் கண்முன் வந்தது.

சிங்காரம் பாட்டைப் பாதியில் நிறுத்தியது.

மண்டபமே திடுக்கிட்டது. முயலின் தலை நின்றது. ஆமையின் தலை நின்றது. ஓணானின் தலை மட்டும் மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருந்தது.

"அடப்பாவி! நீ பாட்டுக் கேட்கவே வரலையா?" என்று அலறிய சிங்காரம் பாறை இடுக்குக்குள் பாய்ந்தது. அதே நொடியில் ஓணானும் பாய்ந்தது. மூக்கு பாறையில் மோதியதுதான் மிச்சம். கூட்டம் அதை விரட்டிக்கொண்டு ஓடியது. இடுக்குக்குள் சிங்காரம் தம்பியை நினைத்து வாய்விட்டு அழுதது.

"தப்பு எம்மேலதாண்ணே. மண்டபம் உங்களுக்குத்தான். வெளியே வாங்க" என்று அங்குசாமி கெஞ்சியது. சிங்காரம் வரவில்லை.

அன்று முதல்தான், யாருடைய காலடி கேட்டாலும் சில்வண்டு சட்டென்று பாட்டை நிறுத்திவிட்டு இடுக்கிலிருந்து உற்றுப் பார்க்கிறது. ஓணானோ, வேலிமேல் உட்கார்ந்து, இல்லாத பாட்டுக்கு இன்னமும் தலையாட்டிக்கொண்டிருக்கிறது.