மூன்று தெரு ராஜாவும் தொட்டில் விரிப்பும்

கடுகுமலை அடிவாரத்தில் ஒரு ராஜா இருந்தார். ராஜா என்றதும் யானை, கோட்டை, கொத்தளம் என்று எங்கேயோ போய்விடாதீர்கள். அவருடைய ராஜ்யம் மொத்தமே மூன்று தெரு. காலையில் அவர் உலாப் போனால், குதிரைக்குத் தூக்கம் கலைவதற்குள் ராஜ்யம் முடிந்துவிடும்.

மேலத்தெருவில் சிவப்புச் சேலை நெய்வார்கள். நடுத்தெருவில் மஞ்சள். கீழத்தெருவில் நீலம். எந்தச் சேலை எந்தத் தெரு என்று தூரத்திலிருந்தே சொல்லிவிடலாம்.

அந்த ராஜ்யத்தில் ஒரு வழக்கம் இருந்தது. குழந்தை பிறந்தால் மூன்று தெருவும் ஆளுக்கொரு பழஞ்சேலைத் துண்டு கொடுக்கும். மூன்றையும் பக்கம் பக்கமாகத் தைத்து ஒரு சதுரம் ஆக்குவார்கள். பிறகு அதைச் சுற்றி மற்றத் துண்டுகளைச் சேர்த்துத் தொட்டில் விரிப்பாக வளர்ப்பார்கள். நடுச்சதுரம் முடிந்ததும் பிள்ளையை அதன்மேல் கிடத்தி, ராஜா காதில் பேர் சொல்வார். அதுவரைக்கும் பிள்ளைக்குப் பேர் கிடையாது. பேர் இல்லாத பிள்ளை ஊர் எல்லையைத் தாண்டவும் கூடாது.

கிணற்றடி வீட்டுப் பூவாத்தாளுக்கு ஒரு பையன் பிறந்தான். மலைக்கு அந்தப் பக்கம் அவளுடைய அப்பா, பேரனை எப்போது பார்ப்போம் என்று வழியைப் பார்த்தபடி இருந்தார். சதுரம் தைத்துவிட்டால் மறுநாளே கிளம்பிவிடலாம்.

ஆனால் அந்த வருஷம் பார்த்துத்தான் தேர்வடத்தை யார் முதலில் பிடிப்பது என்று மூன்று தெருவுக்கும் சண்டை வந்திருந்தது.

மேலத்தெரு குப்பாயியும், நடுத்தெரு நஞ்சக்காளும், கீழத்தெரு சீரங்காயியும் தைக்க உட்கார்ந்தார்கள். சிவப்பு ஒரு பக்கம், நீலம் ஒரு பக்கம், நடுவில் மஞ்சள். மூன்று துண்டும் ஒரே அகலம். மஞ்சளின் இரண்டு பக்கமும் தைத்துச் சேர்த்ததும் நஞ்சக்காள் விரலை வைத்து அளந்து பார்த்தாள்.

"எங்க மஞ்சள் மட்டும் ஏன் ஒல்லியா இருக்கு? யாரு திருடினது?"

"ஆமா, உங்க பழஞ்சேலையைத் திருடித்தான் எங்க தெரு பொழைக்குது" என்றாள் குப்பாயி.

சதுரத்தைப் பிரித்துப் போட்டுவிட்டு மூன்று பேரும் எழுந்து போய்விட்டார்கள். பிள்ளைக்குப் பேர் இல்லை. எல்லாரும் "ஏய்" என்று கூப்பிட்டார்கள்.

பூவாத்தாள் ராஜாவிடம் போனாள். ராஜா தன் செங்கோலையே அளவுகோலாக வைத்துப் புதிதாக மூன்று துண்டு வெட்டிக் கொடுத்தார். ஒரு நூல் கூடக் கிடையாது, ஒரு நூல் குறையக் கிடையாது. மறுபடி தைத்தார்கள். மறுபடி மஞ்சள்தான் ஒல்லி. ராஜா சிம்மாசனத்துக்கு அடியில்கூடக் குனிந்து தேடினார். காணாமல் போன துணி அங்கேயும் இல்லை.

பிள்ளைக்குப் பல் முளைத்தது. பேர் முளைக்கவில்லை.

மூன்றாவது தடவை ராஜா யோசித்து ஓர் ஆணை போட்டார். "இனி யார் துணியும் மடங்கி உள்ளே போகக் கூடாது. ஓரத்தோடு ஓரம் வைத்துத் தையுங்கள்."

அப்படியே தைத்தார்கள். அளந்தால் மூன்றும் சமம். மூன்று தெருவுக்கும் பரம சந்தோஷம். ராஜா பேர் சொல்லத் தொண்டையைக் கனைத்தார். பிள்ளையைக் கிடத்தினார்கள். அவன் ஒரே ஓர் உதை விட்டான். ஓரத்து நூலெல்லாம் பிய்ந்து, மஞ்சளுக்கும் நீலத்துக்கும் நடுவே கால் வெளியே வந்தது. தன் கட்டைவிரலைத் தானே பார்த்து அவன் சிரித்தான்.

வேறு யாரும் சிரிக்கவில்லை. கனைத்த தொண்டையோடு ராஜா அரண்மனைக்குத் திரும்பப் பார்த்தார்.

"கொஞ்சம் நில்லுங்க ராசா" என்றாள் பூவாத்தாள். "பெத்தவ தைக்கக் கூடாதுன்னு வழக்கம் இருக்குதுங்களா?"

"அப்படி ஒன்றும் இல்லையே."

பூவாத்தாள் ஊசியை எடுத்தாள். செங்கோலால் அளந்து மூன்று துண்டு வெட்டினாள். சிவப்பில் ஒரு விரல், மஞ்சளில் ஒரு விரல் உள்ளே விட்டுத் தைத்தாள். மஞ்சளில் இன்னொரு விரல், நீலத்தில் ஒரு விரல் உள்ளே விட்டுத் தைத்தாள்.

"பாருங்க, எங்களுக்கு ரெண்டு விரல் போச்சு. அவங்களுக்கு ஒண்ணுதான்" என்றாள் நஞ்சக்காள்.

"பாதித் தையல்ல அளந்தா அப்படித்தான்க்கா தெரியும். பொறுங்க."

சிவப்பின் வெளியோரத்தையும் நீலத்தின் வெளியோரத்தையும் ஒவ்வொரு விரல் மடித்துத் தைத்தாள். நாளைக்கு அடுத்த துண்டைச் சேர்க்கும்போது எப்படியும் உள்ளே போக வேண்டிய ஓரங்கள் அவை. இப்போது ராஜா அளந்தார். மூன்றும் சமம்.

"அப்போ எங்க துணியெல்லாம் எங்கதான் போச்சு?" என்று கேட்டாள் சீரங்காயி.

பூவாத்தாள் சதுரத்தைத் திருப்பிக் காட்டினாள். பின்பக்கம் சிவப்பும் மஞ்சளும் ஒட்டிப் படுத்திருந்தன. மஞ்சளும் நீலமும் ஒட்டிப் படுத்திருந்தன. யாரும் திருடவில்லை. ஒரு விரலும் தொலையவில்லை.

"இந்தப் பக்கம் மேலத்தெரு பிடிங்க, அந்தப் பக்கம் கீழத்தெரு பிடிங்க. தேர்வடம் மாதிரி இழுங்க பார்ப்போம்" என்றாள்.

குப்பாயி இழுத்தாள். சீரங்காயி இழுத்தாள். நஞ்சக்காள் நடுவில் குனிந்து காதை வைத்துக் கேட்டாள். ஒரு நூல்கூட முனகவில்லை.

பிள்ளையைக் கிடத்தினார்கள். உதைத்தான், தாங்கியது. புரண்டான், தாங்கியது. ராஜா குனிந்து "முத்தழகன்" என்று காதில் சொன்னார். முத்தழகன் அந்தச் சந்தோஷத்தில் சதுரத்தை நனைத்தான். சிவப்பு, மஞ்சள், நீலம் என்று மூன்று தெருவுக்கும் ஒரு குறையும் வைக்கவில்லை.

"இதிலாவது எங்களுக்குக் கம்மி இல்லை" என்றாள் நஞ்சக்காள். அப்போதுதான் மூன்று தெருவும் ஒன்றாகச் சிரித்தது.

மறுநாள் பூவாத்தாள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு எல்லையைத் தாண்டினாள். மலைக்கு அந்தப் பக்கம் தாத்தா "முத்தழகா, முத்தழகா" என்று கூப்பிட்டுப் பார்த்தார். அவன் திரும்பவே இல்லை. "ஏய்" என்றார். உடனே திரும்பிச் சிரித்தான்.

கதை அவ்வளவுதான். இதிலிருந்து தெரிவது என்னவென்றால், ஒவ்வொருவரும் தம் பங்கில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால்தான் எல்லாரும் பிரியாமல் சேர்ந்து வாழ முடியும்.