எண்ணெய் பூசிய வளையம்

"அம்மா, என் மக நாலு மணிக்கு இங்க வர்றா. அரை மணி நேரம்தான் இருப்பாளாம். என்ன பேசணும்னு நீங்கதான் சொல்லணும்" என்றார் பழமலை.

பழமலை ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். வயது அறுபத்தெட்டு. அவர் குருவாக ஏற்று 'அம்மா' என்று அழைத்த அஞ்சுகத்துக்கு நாற்பத்தொன்பது. ஞானத்துக்கு வயது வரம்பு கிடையாது, தலைமையாசிரியர்களுக்கு உண்டு.

முறைப்படி குரு ஆலமரத்தடியில் இருக்க வேண்டும். அஞ்சுகம் சேலையூரில் ஒரு வாடகை வீட்டின் சமையலறைக்குப் பின்னால், வாஷிங் மெஷினுக்கும் வாட்டர் சாஃப்ட்னருக்கும் நடுவில் குந்தியிருந்தார்.

"உங்க வீட்டுக்குப் போகாம இங்க ஏன் வர்றா?"

"என் வீட்டுக்கு வரமாட்டாளாம்."

"மாப்பிள்ளை போய் எத்தனை நாள் ஆச்சு?"

"நாற்பது."

"சாவு வீட்டுல அவகிட்ட என்ன சொன்னீங்க?"

"தைரியமா இருக்கணும்னு சொன்னேன்."

"அவ்வளவுதானா?"

"முக்கால் மணி நேரம் சொன்னேன்."

"அவ?"

"'போயிடுங்கப்பா'ன்னா."

வெளியே வானம் மூடிக் கிடந்தது. ஐப்பசி.

"சட்டைப் பையில என்ன?"

"ஆறுதல். ஒன்பது பக்கம் எழுதியிருக்கேன்."

அஞ்சுகம் குழாயில் ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்து நீட்டினார். பழமலை ஒரு வாய் குடித்தார். முகம் கோணியது.

"கரிக்குதே!"

"மூணு நாளா கரிக்குது. அந்த ஸ்க்ரூ டிரைவரை எடுங்க."

"மணி மூணே கால் ஆகுதும்மா."

"தெரியும் சார்."

கடின நீரை மென்மையாக்கும் அந்த சாஃப்ட்னர் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு தொட்டி. அதிலுள்ள உப்புத் தண்ணீர் அவ்வப்போது மெஷினின் வயிற்றைக் கழுவிவிட்டு வெளியே போய்விட வேண்டும். வீட்டுத் தண்ணீரில் கலக்கக் கூடாது. கலக்காமல் காப்பது ஒரு சின்ன ரப்பர் வளையம்.

அஞ்சுகம் மேல்மூடியைக் கழற்றி வளையத்தை நெம்பி எடுத்தார். அது ஊதியிருந்தது. தன் பள்ளத்துக்குள் அடங்காமல் பிதுங்கி, ஓரிடத்தில் கிழிந்திருந்தது.

"இந்த மெஷினைப் பார்த்துக்கிற வேலையை யாருக்குக் கொடுத்தேன்?"

"எனக்கு."

"என்ன செஞ்சீங்க?"

"ஒரு குறையும் வைக்கலம்மா. ஞாயித்துக்கிழமை தவறாம திறந்து எண்ணெய் போட்டேன். செக்குல ஆட்டின நல்லெண்ணெய். ரப்பர் காஞ்சு போயிடக் கூடாதில்ல?"

"காயல. எண்ணெயைக் குடிச்சு ஊதிடுச்சு."

அஞ்சுகம் பழைய வளையத்தை அவருடைய உள்ளங்கையில் வைத்தார். கை பிசுபிசுத்தது.

பழமலை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எண்ணெய் நல்ல எண்ணெய்தானேம்மா?"

"ரொம்ப நல்ல எண்ணெய்."

அஞ்சுகம் ஒரு பொட்டலத்தைப் பிரித்துப் புது வளையத்தை எடுத்தார். ஒல்லியாக இருந்தது. பழமலை வழக்கம்போல் சமையலறைப் பக்கம் நடந்தார்.

"எங்க சார்?"

"எண்ணெய் எடுக்க."

அஞ்சுகம் வளையத்தை வாளித் தண்ணீரில் நனைத்தார். பள்ளத்தில் வைத்து விரலை எடுத்தார். உட்கார்ந்துகொண்டது.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

பழமலை கையிலிருந்ததைக் காட்டினார். "இதை வெயில்ல காய வெச்சா பழையபடி ஆயிடுமா?"

"ஆகாது."

அவர் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். குழாயைத் திறந்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றார். கரிப்பு போகும்வரை கை கையாகப் பிடித்துச் சுவைத்துப் பார்த்தார்.

நாலு மணிக்கு ஆட்டோ வந்தது.

மகள் நப்பின்னை இளைத்திருந்தாள். அவள் மணிக்கட்டில் ஆண்கள் கட்டும் பெரிய கடிகாரம். இறந்துபோன கணவன் ஜெபராஜுடையது. பழமலை அந்தக் கல்யாணம் வேண்டாம் என்று ஆறு வருஷம் வாதாடியிருக்கிறார், மேற்கோள்களோடு.

கூடத்தில் நாற்காலி நுனியில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்தாள்.

"சொல்லுங்கப்பா."

பழமலை பையில் கைவிட்டுக் காகிதங்களை எடுத்தார். வளையத்தின் எண்ணெய் ஊறி ஒன்பது பக்கமும் ஒட்டிக்கொண்டிருந்தன. எழுத்துகள் ஒன்றின்மேல் ஒன்று தெரிந்தன. சிறிது நேரம் பார்த்தார். மடித்துத் திரும்ப உள்ளே வைத்தார்.

எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

அவள் குடித்தாள். அவர் எதிரில் உட்கார்ந்தார்.

மழை பிடித்துக்கொண்டது. பின்கட்டில் அஞ்சுகம் ஸ்க்ரூக்களை முடுக்கும் சத்தம் கேட்டது; பிறகு அதுவும் நின்றது. நப்பின்னையின் தோள்கள் குலுங்கத் தொடங்கின. பழமலையின் கை பைக்குப் போய், எண்ணெயைத் தொட்டு, திரும்பி மடிக்கு வந்தது.

நாலரை தாண்டியது. அவள் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

"ஏம்பா, எதுவும் சொல்லலையா?"

"இன்னும் கொஞ்சம் தண்ணி குடிக்கிறியாம்மா?"

அவள் டம்ளரை நீட்டினாள்.